120 காமிராவும் நம் பெரியோர் முகங்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கம் மேற்கொண்டுள்ள பணிகளுள் ஒன்று, நம் தெருக்களில் வாழும் எழுபது வயது கடந்த பெரியோர் ஒவ்வொருவரையும் முறையாகப் படம் எடுத்து, ஒரு படியை அவர்தம் இல்லத்திற்கும் மற்றொரு படியைச் சங்க நூலகத்திற்கும் அளிப்பதாகும். அதன் பொருட்டு, சங்கத்தின் இரும்பு அலமாரியில் நெடுநாள் கிடந்த யாஷிகா மேட் 124ஜி காமிரா வெளியே எடுக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசி இல்லாத கையே இல்லை என்னும் இந்நாளில் இப்பழைய பெட்டி எதற்கு என்று இளைஞர் சிலர் வினவினர். நியாயமான வினாவே. அதற்கு விடை கூறுவதும், அப்பெட்டியைக் கையாளும் முறையை எடுத்துரைப்பதும் இவ்வுரையின் நோக்கம்.

விடையை முதலிலேயே கூறிவிடுவோம். கைப்பேசி ஒரு முகத்தைக் கண்டதும் அம்முகம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்துவிடுகிறது. கேளாமலே சுருக்கங்களை மெழுகுகிறது. பல வேளைகளில் நிறத்தையும் வெளுக்கிறது. இக்காமிராவோ எதையும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம், எவ்விடத்தில் கூர்மை என்பவை யாவும் எடுப்பவர் பொறுப்பு. கரிய முகத்தைக் கரிய முகமாகவே, அதன் ஒளியும் ரேகையும் கெடாமல் பதிப்பது ஒரு கைத்தொழில். அத்தொழிலை அறிந்தவர் நம்மிடையே இருத்தல் வேண்டும்.

நம் இல்லங்கள் பலவற்றில் பாட்டனார்க்கு இருக்கும் ஒரே படம் அரசு அடையாள அட்டைக்காக எடுத்ததுதான். அதனைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை சூட்டுகிறோம். பெரிதாக்கும்போது கண் இரண்டும் கரும்புள்ளிகளாகிவிடுகின்றன. சில ஸ்டுடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கியே தருவர். பழைய நாளில் நெகட்டிவின்மேல் பென்சிலால் மெல்லக் கோடிட்டு இதனைச் செய்தனர். நெகட்டிவில் கருமை கூடினால் தாளில் அவ்விடம் வெளுக்கும் என்பது அதன் சூத்திரம். இன்று கணினியில் செய்கின்றனர். பேரன் தன் பாட்டனாரை அப்படத்தில் அடையாளம் காண இயலாதபோது அப்படத்தால் என்ன பயன்?

இனிக் காமிராவுக்கு வருவோம். நடுத்தர அளவுக் காமிரா என்று நூல்களில் கூறப்படுவதையே நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் 120 காமிரா என்று வழங்கினர். 120 என்பது சுருளின் பெயர்; அளவன்று. கோடாக் நிறுவனம் 1901இல் தன் பிரௌனி வகைக் காமிரா ஒன்றிற்காக வெளியிட்ட சுருள் அது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அதே வடிவில் இன்றும் விற்பனையாகிறது. ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலமுள்ள படச்சுருள், பின்புறம் ஒளி புகாத தாளோடு சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கும். நம் காமிராவில் ஒரு சுருளுக்குச் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொரு படமும் உண்மையில் 56 மில்லிமீட்டர் சதுரம். பிற்காலத்தில் பரவிய 35 மில்லிமீட்டர் சுருளின் ஒரு படத்தைக் காட்டிலும் இதன் பரப்பு மூன்றரை மடங்கிற்குச் சற்று மிகுதி. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கண்ணிமை மயிர் தனித்தனியே தெரிவதற்குக் காரணம் இப்பரப்பே.

இச்சுருள் நம் நாட்டுக்குப் புதிதன்று. அக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய பெட்டிக் காமிராவில் பன்னிரண்டு படம் எடுத்த குடும்பங்கள் தமிழகத்தில் பல உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை, இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. அவ்வாலை மூடப்பட்டுவிட்டது. இப்போது இல்ஃபோர்டு, கோடாக், போமா முதலிய அயல்நாட்டுச் சுருள்களையே நாம் நம்பியிருக்கிறோம். விலை மிகுதி. ஆதலின் ஒரு பெரியவருக்கு மூன்று படம், ஒரு சுருளுக்கு நால்வர் என்று கணக்கிட்டுக்கொள்வோம்.

நம் காமிராவின் முன்னோடி, ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் பிராங்கே, ஹைடெக் என்னும் இருவரின் நிறுவனம் 1929இல் வெளியிட்ட ரோலிபிளெக்ஸ். மேலும் கீழுமாக இரண்டு லென்சுகள். மேலுள்ளது பார்ப்பதற்கு, கீழுள்ளது பதிப்பதற்கு. இரண்டும் ஒரே பலகையில் அமைந்து ஒருங்கே முன்னும் பின்னும் நகரும். மேல் லென்சின் வழி வரும் ஒளி, சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே திரும்பிச் சொரசொரப்பான கண்ணாடித் தகட்டில் விழும். அவ்வுருவம் தலைகீழாக இராது. ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும். பெரியவர் தம் இடப்பக்கம் சாய்ந்தால் தகட்டில் எதிர்ப்பக்கம் சாய்வார். தொடக்கத்தில் கை தடுமாறும். வெறும் காமிராவை வைத்துக்கொண்டு தெருவில் நடப்போரைப் பின்தொடர்ந்து பார்த்தால் இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். சுருள் செலவின்றிப் பயிலக்கூடிய பாடம் இது.

எடுப்பவர் தலைகுனிந்தே இக்காமிராவைப் பார்க்கிறார். எதிரே அமர்ந்திருப்பவருக்கு முகத்தை மறைக்கும் கறுப்புப் பெட்டி தெரிவதில்லை. குனிந்த தலையும், இடையிடையே நிமிர்ந்து பேசும் முகமுமே தெரிகின்றன. காமிராவைக் கண்டு கூசும் மூதாட்டியர்க்கு இது பெரிய ஆறுதல். ஆயின் ஒன்று கவனிக்க வேண்டும். காமிரா நம் வயிற்றளவில் நிற்கிறது. படம் அவ்வுயரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. திண்ணையில் அமர்ந்தவரை எடுக்கும்போது லென்சு அவர் கண்மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமாயின் மணையிட்டு அமர்ந்தோ முழந்தாளிட்டோ எடுக்க வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் மனிதர் குறுகித் தோன்றுவர். தரையில் அமர்ந்து மேல்நோக்கும் கூட்டமாகவே நம் மக்களைக் காட்டிய படங்கள் வேண்டிய அளவு உள்ளன. இன்னும் ஒன்றை நாம் சேர்க்க வேண்டியதில்லை.

சுருள் இடுதல் நிழலில் செய்ய வேண்டிய வேலை. கீழ் அறையில் புதுச்சுருள், மேல் அறையில் வெற்று உருளை. ஒட்டுத்தாளைக் கிழித்து, தாளின் முனையை வெற்று உருளையின் பிளவில் நேராகச் செருகி மெல்லச் சுற்ற வேண்டும். தாளின்மேல் அச்சிட்ட அம்புக்குறி, காமிராவின் பக்கத்திலுள்ள 120 சுருளுக்குரிய குறிக்கு நேரே வந்ததும் நிறுத்திப் பின்கதவை மூடவேண்டும். மூடியபின் கைப்பிடியைச் சுற்றினால் எண் ஒன்றில் தானே நிற்கும். பன்னிரண்டாம் படம் முடிந்தபின் இறுக்கம் விடும் வரை சுற்றி, நிழலில் திறந்து, தாள் தளராமல் பசையை நனைத்து ஒட்டிவிட வேண்டும். ஓரம் தளர்ந்த சுருளில் வெயில் புகுந்தால், பெரியவரின் தோளில் வெண்புகை படிந்ததுபோல் படத்தில் தெரியும்.

கைப்பிடியை முன்னே சுற்றிப் பின்னே திருப்புவதில் சுருள் நகர்வதோடு ஷட்டரும் மூட்டப்படுகிறது. 1/500 வினாடி என்னும் வேகம் வேண்டுமாயின் மூட்டுவதற்கு முன்னரே அதனை வைத்துவிடுவது பழைய கருவிகளுக்கு நல்லது. தானியங்கிக் கால இடைவெளி நெம்புகோலை எவரும் தொடவேண்டா. அரை நூற்றாண்டுப் பழமையான கருவியில் அது பாதியில் நின்றால், ஷட்டர் முழுதும் நின்றுவிடும்; பழுது பார்ப்போரும் அருகிவிட்டனர்.

கூர்மையாக்குதற்கு மடிப்புக்குள் இருக்கும் பெருக்கிக் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணை அதன் அருகே வைத்துப் பெரியவரின் கண்ணையே பார்க்க வேண்டும். மூக்கைப் பார்த்துப் பயனில்லை. ஒன்றரை மீட்டர் தொலைவில், ஒளித்துளையை எஃப் 3.5 என்று முழுதும் திறந்தால் கூர்மை நிற்கும் ஆழம் ஏறத்தாழ அரைச்சாண். எஃப் 8 என்று சுருக்கினால் ஒரு சாணுக்குச் சற்று மேல். முதியோர் சிறிது முன்னும் பின்னும் அசைவர். ஆதலின் எஃப் 8 நமக்குப் பாதுகாப்பானது. ஒரு மீட்டர் அளவுக்கு நெருங்கும்போது இரு லென்சுகளும் ஒன்றையே பார்ப்பதில்லை. மேல் லென்சில் தலைப்பாகை முழுதும் தெரிந்தும் கீழ் லென்சில் அது வெட்டுப்பட்டிருக்கும். நெருங்கிய படத்தில் தலைக்கு மேல் சிறிது இடம் விடுதல் அதற்கு மருந்து.

இப்போது ஒளியைப் பற்றிப் பேசுவோம். இவ்வுரையின் உயிர்நிலை இதுவே. பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

நம் காமிராவின் மேல் ஒளிமானி ஒன்று உண்டு. அது வேண்டும் பாதரச மின்கலம் இன்று விற்பனையில் இல்லை. மாற்று மின்கலம் இட்டால் அளவு பிழைபடும். இதற்காக வருந்த வேண்டியதில்லை. ஒளிமானி எந்நிலையிலும் ஓர் எளிய பொருள். எதிரே உள்ள பொருள் கருப்போ வெளுப்போ அது அறியாது. யாவும் நடுச்சாம்பல் நிறம் என்றே எண்ணி அளவு கூறும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த பெரியவரை நோக்கிப் பிடித்தால், வெண்மையைக் கண்டு மிரண்டு ஒளியைக் குறைக்கச் சொல்லும். வேட்டி சாம்பலாகும், முகம் கரிக்கட்டையாகும். நம் திருமணக் குழுப் படங்களில் சட்டைகள் நடுவே பற்கள் மட்டும் தெரிவதன் காரணம் இதுவே. மேனியின் நிறத்தின்மேல் பழி போடுவோர் உளர். பழி அளந்தவர்மேல் உரியது. அன்றிக் கரிய முகத்தையே நெருங்கி அளந்தால், மானி ஒளியைக் கூட்டச் சொல்லும். முகம் சாம்பல் பூத்து, வேட்டியின் மடிப்பெல்லாம் அழியும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உள்ளங்கையை அளப்பது. மேனி நிறம் எதுவாயினும் உள்ளங்கையின் வெளுப்பில் வேறுபாடு குறைவு. நடுச்சாம்பலைவிட அது ஏறத்தாழ ஒரு படி ஒளி மிகுந்தது. பெரியவரின் முகத்தில் விழும் அதே ஒளி விழுமாறு கையை நீட்டி, உள்ளங்கை மட்டும் மானியில் நிறையுமாறு அளந்து, வந்த அளவிலிருந்து ஒரு படி திறக்க வேண்டும். மானி எஃப் 11 என்றால் எஃப் 8. அவ்வளவே. இவ்வாறு எடுத்தால் வேட்டி வேட்டியாகவும் முகம் முகமாகவும் தத்தம் இடத்தில் வந்து அமரும். மானி இல்லையா? கைப்பேசியில் ஒளியளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. அப்பணிக்குக் கைப்பேசியை நாம் மகிழ்ந்து அழைத்துக்கொள்வோம்.

எக்கருவியும் இன்றி எடுக்கவும் பழகுதல் நன்று. தெளிந்த வெயிலில் 100 வேகமுள்ள சுருளுக்கு எஃப் 16, 1/125 வினாடி. வானம் திறந்த நிழலில் அதே வேகத்திற்கு எஃப் 5.6. நாம் வாங்கியுள்ள சுருள் 400 வேகமுடையது. ஆதலின் அத்தகைய நிழலில் 1/125 வினாடிக்கு எஃப் 11, சற்று உள்ளடங்கிய திண்ணையில் எஃப் 8. ஐயம் எழுந்தால் ஒளியைக் கூட்டுக, குறைக்க வேண்டா. நெகட்டிவ் சுருள் மிகுதியைப் பொறுக்கும். பதியாமற்போன நிழலை எந்த மருந்தாலும் மீட்க இயலாது. 1/60 வினாடிக்குக் கீழ் போனால் முக்காலி வேண்டும்.

நண்பகல் வெயிலில் எடுக்கவே கூடாது. கண்குழிகளில் இருள் தேங்கும். காலை ஏழு முதல் ஒன்பது, மாலை நான்கிற்குப் பின், திண்ணையின் விளிம்பில் அல்லது வாயிற்படிக்குச் சற்று உள்ளே, ஒளி ஒரு பக்கமாக வரும்படி அமர்த்த வேண்டும். வெளுத்த மேனியின் வடிவத்தை நிழல் காட்டுகிறது. கரிய மேனியின் வடிவத்தைக் கன்னத்தின்மேலும் நெற்றியின்மேலும் வழுக்கும் ஒளியே காட்டுகிறது. அகன்ற ஒளி, அதாவது ஒரு கதவளவு திறந்த வானம், அவ்வொளியை மென்மையாக்கும். மறுபக்கம் இருண்டால், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை ஒருவர் விரித்துப் பிடித்தால் போதும்.

படம் என்றதும் பவுடர் பூசிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. பவுடர் அவ்வொளியை அணைத்துவிடும்; முகம் சுண்ணாம்பு பூத்ததுபோலாகும். எனினும் ஆயா ஒருவர் பவுடர் பூசியே தீருவேன் என்றால் தடுப்பது நம் வேலையன்று. முதற்படத்தை அவர் விருப்பப்படி எடுத்து, முகம் கழுவியபின் மற்ற இரண்டை எடுக்கலாமா என்று கேட்போம். எதனைச் சுவரில் மாட்டுவது என்று அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

படத்தொழிலில் நிற வேறுபாடு நம் நாட்டோடு நின்றதன்று. கோடாக் நிறுவனம் வண்ணப்படக் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் நெடுங்காலம் வெள்ளைநிறப் பெண் ஒருவரே இருந்தார். ஷெர்லி அட்டை என்று அதனை வழங்கினர். அவர் மேனி சரியாக அமைந்தால் யாவும் சரி என்பது கணக்கு. கரிய நிறங்களை நன்கு பதிக்குமாறு சுருளைத் திருத்தத் தூண்டியவை, சாக்லேட்டும் மரச்சாமான்களும் விற்போரின் முறையீடுகளே என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியோர் பின்னாளில் கூறியுள்ளனர். மனிதர் முறையிட்டபோது திறவாத செவி, மரநிறத்திற்குத் திறந்தது போலும்.

இக்குறையுள்ள சுருளைக் கொண்டே பெரும்பணி ஆற்றியவர் ஒருவரை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களுள் தோன்றிய கார்டன் பார்க்ஸ், கான்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஸ்காட் ஊரில் 1912இல் பதினைந்து பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தவர். ரயில் உணவு வண்டியில் பரிமாறும் வேலை பார்த்தவர். பயணிகள் விட்டுச்சென்ற இதழ்களில் ஏழை உழவர் படங்களைக் கண்டு மனம் பற்றி, 1930களின் பிற்பகுதியில் சியாட்டில் நகரத்து அடகுக் கடையில் ஒரு காமிரா வாங்கினார். அது வாய்க்லாண்டர் பிரில்லியண்ட். நம்முடையதைப் போலவே இரு லென்சும் 120 சுருளும் உடையது. 1948இல் லைஃப் இதழின் பணியாளர் ஆனார். அவ்விதழில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினப் படக்கலைஞர் அவரே. 1956இல் அலபாமா மாநிலத்தில், வெள்ளையர்க்கு ஒரு வாயில், கறுப்பர்க்கு ஒரு வாயில் என்று எழுதிவைத்த நாளில், ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைச் சதுர வண்ணப் படங்களாக எடுத்தார். கடை வாயிலில் நிற்கும் பெண்மணியும் சிறுமியும் தூய ஆடையில் நிமிர்ந்து நிற்கின்றனர்; தலைக்குமேல் கறுப்பர் வாயில் என்னும் விளக்குப் பலகை எரிகிறது. அவர்கள் முகத்தின் நிறம் எங்கும் கெடவில்லை.

அப்படங்களுள் சிலவே அன்று இதழில் வெளிவந்தன. பார்க்ஸ் 2006இல் மறைந்தார். 2012இல் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையினர் பழைய பெட்டி ஒன்றின் அடியில், தாளில் சுற்றி ஒட்டிய பொதியில், அத்தொடரைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட மூலப் படங்களைக் கண்டெடுத்தனர். மேலே எழுதியிருந்த பெயரால் அவை அடையாளம் காணப்பட்டன. பெயர் எழுதாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மாணவியர் இதில் தயங்க வேண்டியதில்லை என்பதற்கு ஹோமாய் வியாரவாலா சான்று. இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படக்கலைஞரான அவரும் ரோலிபிளெக்ஸ் பயன்படுத்தியவரே. 2011இல் பத்ம விபூஷண் பெற்றார்.

எடுத்த சுருளை நாமே கழுவுவோம். முழு இருளில், தாளிலிருந்து பிரித்துச் சுருளைத் தொட்டியின் சக்கரத்தில் ஏற்ற வேண்டும். தாளோடு ஒட்டிய முனையை வெடுக்கென்று பிய்த்தால் சிறு மின்பொறி தோன்றிப் படத்தில் பதியும். மெல்லப் பிரிக்க வேண்டும். மருந்துக்குரிய வெப்பம் 20 டிகிரி. நம் குழாய்நீர் கோடையில் 30 டிகிரியைத் தாண்டும். பனிக்கட்டி இட்ட அகன்ற பாத்திரத்தில் மருந்துப் புட்டிகளை நிறுத்தி 24 டிகிரிக்கேனும் இறக்கவேண்டும். எச்.பி.5 சுருளுக்கு டி-76 மருந்தில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24 டிகிரியில் ஏறத்தாழ ஐந்தரை. ஐந்து நிமிடத்திற்கும் குறைந்தால் கழுவல் திட்டுத்திட்டாகும்.

அலசுவதற்கு ஓடும் நீர் அரைமணி வேண்டும் என்பர். தண்ணீர் வரும் நேரத்தைப் பார்த்துக் குடம் வைக்கும் நம் தெருவில் அது நடவாது, தேவையுமில்லை. கெட்டிப்படுத்தும் பொருள் சேராத விரைவு ஃபிக்சரைப் பயன்படுத்தினால், தொட்டியில் நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்தி ஊற்றிவிட்டு, மீண்டும் நிரப்பிப் பத்து முறை, மீண்டும் நிரப்பி இருபது முறை. மூன்று நிரப்பலில் முடிந்தது. இல்ஃபோர்டு நிறுவனமே வகுத்த முறை இது. பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். அதனைக் கிணற்றடியிலோ குட்டையிலோ ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்துவைக்க வேண்டும்.

காய்ந்தபின் மும்மூன்று படங்களாக நான்கு துண்டாக வெட்டி, உறையிலிட்டு, உறையின்மேல் பென்சிலால் பெரியவரின் முழுப்பெயர், அவர் விரும்பிக் கூறும் தந்தை தாய் பெயர், தெரு, செய்த தொழில், படம் எடுத்த நாள் ஆகியவற்றை எழுதவேண்டும். பெயரை அவர் சொல்லும்படியே எழுதுக. அட்டையில் உள்ளபடி அன்று. ஈரக்காற்று நெகட்டிவுக்கும் லென்சுக்கும் பகை. இரண்டிலும் பூஞ்சை பிடிக்கும். காமிராவைத் தோலுறைக்குள் வைத்து மூடாமல், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு டப்பாவில் வைப்போம். நெகட்டிவ்கள் சங்க நூலகத்திலேயே இருக்கும். எக்குடும்பத்தார் எப்போது கேட்டாலும் படி எடுத்துத் தரப்படும்.

பயிற்சி ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு நூலகத் திண்ணையில் நடைபெறும். முதல் இரு வாரங்கள் சுருளின்றி. மூன்றாம் வாரம் கீழத்தெருவில் தொடங்குவோம். அங்குள்ள பெரியோர் நால்வர்க்கும் தொண்ணூறு வயதை நெருங்குகிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் இவ்வவை கலைந்ததும் நூலகரைக் காண்க.